எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் சுற்றுலா அலுவலகத்தில், என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு எந்த ஊரில் என்ன விதி என்று அதில் இருக்கும். மாலத்தீவில் முப்பது மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. எகிப்தின் செங்கடலில் கையுறை கூடாது, கத்தி கூடாது. தாய்லாந்தில் கற்றுக்குட்டிகள் தண்ணீருக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது என்று சமீபத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். லட்சத்தீவில் முதலில் தீவுக்குள் கால் வைக்கவே அனுமதி வாங்க வேண்டும். அந்தமானில் நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பயிற்சியாளர் பிடித்து அழைத்துப் போவார். ஆஸ்திரேலியாவில் உடல்நலப் படிவத்தில் ஒரு முக்கியமான கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதிவிட்டால், அதற்கென்று படித்த டாக்டரின் சீட்டு இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள்.

அந்தப் பட்டியலை உண்டாக்கியது நான். மூன்று மாதம் ஒவ்வொரு ஊருக்கும் மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் மாற்றி, கட்டம் போட்டு, தட்டச்சு செய்தது நான். முதலாளி அதைப் படித்துவிட்டு, “இதை ஃபிரேம் பண்ணிரலாமே” என்றார். ஃபிரேம் போடவில்லை. ஆனாலும் அன்று மாலை எங்கள் ஊர் இனயத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது எனக்குக் கால் வலிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அம்மா மீன்பெட்டியைத் தலையில் வைத்து இரணியல் பக்கம் வீடு வீடாகப் போனவள், கைநாட்டு. அண்ணன் அப்பா இறந்த வருடம் ஐந்தாம் வகுப்போடு நின்று சிப்பிக் குளிக்குப் போனான். எங்கள் கரையில் குளி என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போவது. இடுப்பில் ஒரு வலைப்பை, கையில் ஒரு உளி. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியைக் குத்திப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, நெஞ்சு வெடிக்கும் நேரத்தில் மேலே வர வேண்டும். சிலிண்டர் கிடையாது, படிவம் கிடையாது, எந்த விதியும் கிடையாது.

தொடர்ந்து குளிக்கிறவர்களுக்கு ஒரு நாள் காது பொட்டும். செவிப்பறை கிழிவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போது ஒரு சின்னப் பெருமையும் இருக்கும். பொட்டிய பிறகு ஆழத்தில் வலிக்காதாம். அண்ணனுக்கு இடது காது பொட்டியது நான் பிளஸ் ஒன் படிக்கும்போது. ஒரு வாரம் தலையணையில் ரத்தமும் சீழும். அம்மா தேங்காயெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றினாள். அண்ணன் வலியோடு சிரித்தான். “இப்பம்தான் ஆளானேன்” என்றான். எங்கள் தெருவில் குளிக்காரனிடம் பேச வருகிறவர்கள் கேட்கிற காதுப் பக்கமாகச் சுற்றி வந்து உட்காருவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்த வீட்டு அண்ணனுக்கு எந்தப் பக்கம் என்று குழந்தைகளுக்கே தெரியும். எங்கள் வீட்டில் சோறு தின்னும்போது நான் அண்ணனின் வலப்பக்கம்.

போன வருடம், மழை முடிந்து கடல் தெளிந்த சமயம், அண்ணன் என்னிடம் வந்து நின்றான். கேரளக் கரையில், வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு கடற்கரையில், சிலிண்டர் கட்டிக் கூட்டிப்போகும் கடை ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம். கடல் பழகின ஆள் என்றால் அவர்களே பயிற்சி தந்து வேலைக்கு வைத்துக்கொள்வார்களாம்.

“ஒனக்கு எதுக்கு அண்ணே அது? அவனுவ சொல்லுக மாதிரிதான் நீ மூழ்கணும், அவனுவ சொல்லுக மாதிரிதான் ஏறணும்” என்றேன்.

“ஏட்டி, ஒண்ணு கேளு” என்றான். “பதினஞ்சு வருசமா கீழ போறேன். ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கேன்னா நெனைக்க? கண்ணைத் தொறந்தா சிப்பி, குத்து, பையில போடு, ஏறு. ஒரு மீன் மொகத்த முழுசா பாத்ததில்ல. எனக்கு கீழ நின்னு ஒரு மூச்சு விடணும். அவ்வளவுதான்.”

இதை அவன் சொன்ன விதத்தில் நான் தோற்றுவிட்டேன். அவன் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பினார். அலுவலகத்தில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆங்கிலம். நீளமான கேள்விகள், எதிரே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி பதில் சொன்னான். ஆஸ்துமா உண்டா? இல்லை. வலிப்பு? இல்லை. நெஞ்சு ஆபரேஷன்? “நெஞ்சா? எனக்க நெஞ்சு கல்லாக்கும்.” இல்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. காதில் நோய், செவிப்பறை கிழிதல், தலைசுற்றல் எப்போதாவது உண்டா?

நான் வாசித்து முடித்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“ஆமான்னு போட்டா?” என்றான்.

“டாக்டர் சீட்டு வேணும்.”

“டாக்டர் தருவாரா?”

“தரமாட்டார்.”

“அங்க டாக்டர் சீட்டு இல்லாம விடுவாவளா?”

எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் பிரச்சினை. அந்தக் கடையில் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ இருந்தால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் அலுவலகமே பலரை அங்கே அனுப்பியிருக்கிறது. ஃபோனில் வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்: “எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னா அன்னைக்கே இறங்கலாம் சார். ஒரு ‘ஆம்’ வந்தா இன்ன ஊர்ல இன்ன மாதிரி ஆகும்.” அவர்கள் சின்ன வயதில் இழுப்பு இருந்தது, போன வருடம் ஸ்டென்ட் வைத்தது என்று இழுப்பார்கள். எழுதணுமா என்பார்கள். “அது உங்கள் விருப்பம் சார்” என்பேன். அதைச் சொல்ல எனக்கு அழகான குரல் உண்டு. யாரையும் பொய் எழுதச் சொன்னதில்லை என்று என்னையே நம்பவைத்த குரல்.

அண்ணனிடம் அந்தக் குரலை எடுக்க முடியவில்லை. “ஏட்டி, ஒனக்க படிப்பு இதுக்குக் கூட ஒதவாட்டா பின்ன எதுக்கு?” என்றான், சிரித்துக்கொண்டே. நீல மையில் ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்டேன். கோணாமல், கட்டத்தை விட்டு வெளியே போகாமல், அழகாக. அவன் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டான். அவன் பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி இறங்கியது.

என் பட்டியலின் கடைசி வரி, எல்லா ஊருக்கும் பொதுவானது: மூச்சைப் பிடிக்காதே. கையுறையும் கேமராவும் ஆழமும் ஊருக்கு ஊர் மாறும். இது மட்டும் மாறாது. சிலிண்டர் காற்று அழுத்தி அடைத்த காற்று. கீழே அதை இழுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், வரவர அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். பயிற்சிக்குப் போவதற்கு முந்தின நாள் அண்ணனிடம் இதை மூன்று தடவை சொன்னேன்.

“பிடிக்காம எப்பிடிட்டி? கடல் வெள்ளத்துல மூச்ச விடுகவன் செத்தவனாக்கும்.”

“அண்ணே, நீ மேலேருந்து கொண்டுபோற காத்து வேற, கீழ நின்னு இழுக்குற காத்து வேற. ஏறும்போ விட்டுக்கிட்டே ஏறணும்.”

“சரி மிஸ்” என்றான். அம்மாவுக்குச் சிரிப்பு. “தங்கச்சிக்கிட்ட பாடம் படிச்சுட்டு வள்ளம் ஏறு மக்களே” என்று அவன் முதுகில் தட்டினாள்.

நீச்சல்குளத்தில் நான்கு நாள் பயிற்சி. நன்றாகத்தான் செய்தானாம். ஐந்தாம் நாள் கடல். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனேன். இரணியலில் ரயில் ஏறும்போது அவன் கடை கொடுத்த டி-ஷர்ட்டைப் போட்டிருந்தான். முதுகில் ஆங்கில எழுத்து. “என்னட்டி எழுதியிருக்கு?” என்றான். வாசித்துச் சொன்னேன். திருவனந்தபுரம் வரும்வரை அவன் இருக்கையில் சாயவே இல்லை. எழுத்து கசங்கிவிடும் என்று பயந்தான் போலும்.

படகு புறப்பட்டு அரைமணி நேரத்துக்குள் திரும்பி வந்தது. சீக்கிரமாக வந்ததே என்று பார்த்தேன். அண்ணன் படகின் தரையில் சாய்ந்திருந்தான். முகத்தில் ஆக்சிஜன் மூடி. உதட்டில் இளஞ்சிவப்பு நுரை.

என்ன நடந்தது என்று பயிற்சியாளர் படகிலிருந்து குதித்தபடியே சொன்னார். நான்கு பாகத்துக்குக் கீழே, அதாவது நான்கு ஆள் கைவிரித்த அளவு ஆழத்தில், அண்ணன் மணலில் மண்டியிட்டு அமைதியாக இருந்திருக்கிறான். மூச்சு விட்டு இழுத்து, குமிழிகள் போவதை அண்ணாந்து பார்த்திருக்கிறான். பிறகு திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறான். கிழிந்த காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனால் உலகமே சுற்றும் என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. சிப்பிக்கு ஒரு மூச்சு நேரமே கீழே இருந்து பழகியவனுக்கு அதுவரை இது நேர்ந்ததில்லை. சுற்றியதும் அவன் அவனுக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறான். வாயிலிருந்த குழாயைத் துப்பினான், மூச்சைப் பிடித்தான், மேலே உதைத்தான். பயிற்சியாளர் காலைப் பிடிக்கப் பார்த்தும் நழுவிவிட்டது. சிலிண்டரை முதுகில் சுமந்து இத்தனை வேகமாக ஏறிய ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார். திட்டுவது போலவும் இருந்தது, வியப்பது போலவும் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் வாய் திறந்து அலறியிருப்பார்கள். காற்று வெளியே போயிருக்கும். பதினைந்து வருடம் பழகிய வாய் அண்ணனுடையது. அது திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். நுரையீரலிலிருந்து கசிந்த காற்று கழுத்துத் தோலுக்கடியில் ஏறியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்தியபோது ஈர உப்பை மிதித்தது போல நறநறத்தது. குரல் மாறி, மூக்கால் பேசுகிறவன் போலப் பேசினான். பிழைத்துக்கொள்வான், தலைக்குக் காற்று ஏறாமல் தப்பித்தான் என்று டாக்டர் சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் அண்ணனின் இடது காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்.

“இது பழைய ஓட்டை. வருஷக்கணக்கா இருக்கு” என்றார். கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “இந்தக் காதோட எப்படி இறக்கினீங்க?”

கடைக்காரர் தயாராக வந்திருந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் வாசித்தார். வரிசையாக நீல டிக், எல்லாம் ‘இல்லை’ கட்டத்தில், ஆங்கிலத்தில் தேதி. கீழே அந்தக் கோணல் தமிழ்க் கையெழுத்து.

“இதை நிரப்பினது யார்?”

அண்ணன் ஆக்சிஜன் மூடியை விலக்கினான். “நாந்தான்” என்றான், அந்த மூக்குக் குரலில்.

டாக்டர் படிவத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விடுப்பு முடிந்து அன்று அலுவலகத்திலிருந்து நேரே வந்த நான் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றிருந்தேன்; கழற்ற மறந்திருந்தேன். நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொட்டு விழுந்தது. டாக்டர் படிவத்தை மடித்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார்.

வெளியே வராந்தாவில் கடைக்காரர், பயப்பட வேண்டாம் என்று மலையாளம் கலந்து என்னிடம் ஆறுதலாகப் பேசினார். “பேடிக்கண்டா மோளே. ஃபார்ம் கிளீனா இருக்கு. ஆருக்கும் ஒரு பிரச்னையும் இல்லா.” நல்ல மனிதர்தான். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தார். ஆனால் நான் கோணாமல் போட்ட அந்த டிக்குகள் யாரைக் காப்பாற்றின என்று அப்போது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபின் அண்ணனும் நானும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. டாக்டர் சொன்னது தெளிவு: சிலிண்டர் இனி வாழ்நாளில் கூடாது, சாதாரணக் குளியும் காது ஆபரேஷன் செய்து ஆறும்வரை கூடாது. ஆபரேஷனுக்கு அண்ணன் அசையவில்லை. மூன்று மாதத்தில் சிப்பிக்குப் போகத் தொடங்கினான். அம்மா அழுதாள், பிறகு சோறு கட்டிக் கொடுத்தாள். கடலில் தடுக்க யார் இருக்கிறார்கள்?

அலுவலகத்தில் என் குரல் மட்டும் மாறிவிட்டது. யாராவது “எழுதணுமா மேடம்?” என்றால், “எழுதணும் சார்” என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு கோயம்புத்தூர்க்காரர் பயணத்தையே விட்டுவிட்டார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். நான் என் பட்டியலைக் காட்டி ஏதோ சமாளித்தேன். அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை.

இந்தச் சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணன் எதிரே குந்தி உட்கார்ந்து கைபேசியை நீட்டினான். அதில் என் பட்டியல். என் மேசைக்கு மேலே இருக்கும் அதே பட்டியல். ஒரு தடவை என்னைக் கூப்பிட அலுவலகத்துக்கு வந்தபோது படம் எடுத்திருக்கிறான்.

“இதுல இந்த ஊர்க்க வரிசையில எழுத்தே கொறவா இருக்கே” என்றான். விரலை வைத்துக் காட்டினான். “மத்ததுக்கெல்லாம் நாலு வரி, அஞ்சு வரி. இதுக்கு ரெண்டே வரி. அங்க ஒண்ணும் கேக்க மாட்டாவ, அப்பிடித்தானே?”

அது எந்த ஊர் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவன் கணக்கு சரி. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிறவன் வரிகளின் நீளத்தை வைத்தே கண்டுபிடித்திருந்தான். எங்கே கேள்வி குறைவு, எங்கே காதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று. மூன்று மாதம் பாடுபட்டு அந்த வழியை அவனுக்கு நானே வரைந்து கொடுத்திருக்கிறேன்.

“அங்கேயும் படிவம் உண்டு” என்றேன்.

“தெரியும்.” சட்டைப் பையிலிருந்து எடுத்தான். துறைமுகத்தில் யாரோ அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மீன்வாடை அடித்தது. “நீ எழுதித் தா மக்கா. இந்தத் தடவ காதுல பஞ்சு வச்சு, மெழுகு அடைச்சுப் போறேன். மூச்சப் பிடிக்க மாட்டேன். அம்மையாண.”

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“ஏட்டி, நீ கேளு.” குரலைத் தாழ்த்தினான். “அன்னைக்கு தல சுத்துறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். கையில உளி இல்ல. ஒரு மீன் வந்து எனக்க மொகத்துக்கு நேரா நின்னுச்சு. அதுவும் போவல, நானும் போவல. அது மாதிரி ஒரு நேரம் எனக்கு கரையிலயும் கெடைச்சதில்ல.”

கையைக் கழுவினேன். பேனாவை எடுத்தேன். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். காதுக் கேள்வியில் ‘ஆம்’ கட்டத்தில் போட்டேன். நுரையீரல் காயம் உண்டா என்ற கேள்விக்கும் ‘ஆம்’. இந்த முறை கோடு கட்டத்துக்கு வெளியே போயிற்று.

அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஒரு படிவத்தின் முன் ஒரு தடவை நின்றிருக்கிறான். எல்லா டிக்கும் ஒரே வரிசையில் இறங்க வேண்டும், இரண்டு மட்டும் பக்கத்து வரிசைக்குத் தாவியிருக்கிறது என்பது அவன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. விரலை அங்கே வைத்தான்.

“இது எந்தக் கட்டம்?”

“ஆம்.”

விரலை எடுத்தான்.

“இப்பம்தான் ஒனக்கு எழுத்து தெரிஞ்சுதோ?” என்றான்.

தாளை எடுத்து நாலாக மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அம்மா அதில் மறுநாள் மீன் செதிலை வாரிப் போட்டாள்.

அன்றிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், “அவகிட்ட சொல்லு” என்று அம்மாவிடம் சொல்கிறான். “ஒரு தாளுக்காகக் கூடப்பொறந்ததுவ ரெண்டும் பேசாம இருக்கணுமா?” என்று அம்மா கேட்கிறாள். இரண்டாவது தாளைத்தான் சொல்கிறாள். முதல் தாளை எழுதியது நான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாந்தான் என்று அவன் அன்றைக்குச் சொன்னது இன்னும் வீட்டில் அப்படியே நிற்கிறது.

எழுதியதற்கு வருத்தப்படுகிறேனா என்றால், இரண்டாவதற்கு இல்லை.

சாப்பிட உட்காரும்போது அவன் இடம் மாறிவிட்டான். சுவரோரம், வலப்பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து உட்காருகிறான். எனக்கு மிச்சம் இருப்பது காது பொட்டிய இடப்பக்கம் மட்டும். நேற்று அங்கே தட்டை வைத்து உட்கார்ந்தேன். “அண்ணே, அந்தப் படிவத்த எழுதுனது நாந்தான்னு ஆஸ்பத்திரியில மொதல்லயே நான் சொல்லியிருக்கணும்” என்று தொடங்கி, முழுவதையும் சொன்னேன். டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்ததுவரை. அவன் மீன்முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொண்டே தின்றான். அடுக்களையிலிருந்து அம்மா, “யாருகிட்டட்டி பேசுக?” என்றாள்.

அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இன்றும் அந்தப் பக்கத்தில்தான் உட்காருவேன்.